பிறையும் ஸஃப்பும்: ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப்பகுதி முஸ்லிம்களிடையே கருத்து வேறுபாடும் ஒற்றுமையும்

ஆய்வுச் சுருக்கம்

ஓசூர் – கிருஷ்ணகிரி தொழில் எல்லைப்பகுதியில் மொழி, மத்ஹபு, இயக்கச் சார்பு ஆகிய மூன்றாலும் வேறுபட்ட முஸ்லிம்கள் ஒரே பள்ளிவாசலில் கூடும் நிலை உருவாகியுள்ளது. இச்சூழலில் ஒற்றுமை என்பது யாது, கருத்து வேறுபாட்டைக் கண்ணியத்துடன் கையாளும் முறை யாது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தொழுகை வரிசை, வெள்ளிக்கிழமை உரையின் மொழி, பிறை அறிவிப்பு, மையவாடி ஆகிய நான்கு களங்கள் ஆராயப்படுகின்றன. வேறுபாடு கருத்தளவில் நிற்கும்வரை மரபு அதனைத் தாங்குகிறது. பொதுவுடைமையான நிறுவனங்களின்மீது அது ஏற்றப்படும்போதே பிளவாகிறது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: இக்திலாஃப், மத்ஹபு, ஜமாஅத், பிறை, குத்பா, மையவாடி, ஓசூர், தக்கனி.

முன்னுரை

மாறுபட்ட கொள்கையினர் ஓரிடத்தில் கூடி உரையாடுவது தமிழ் மரபுக்குப் புதியதன்று. மணிமேகலையின் விழாவறை காதை, சமயவாதிகள் பட்டிமண்டபத்தின் முறையறிந்து ஏறவேண்டும் என்றும், பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகவேண்டும் என்றும் முரசறைவோன் அறிவிப்பதாகக் கூறுகிறது. வாதம் தடை செய்யப்படவில்லை. வாதத்தின் முறையே வகுக்கப்படுகிறது. இஸ்லாமியச் சட்ட மரபும் இதே நிலைப்பாட்டை உடையது. கருத்து மாறுபாட்டின் ஒழுக்கம் அம்மரபில் தனித்துறையாகவே வளர்ந்துள்ளது.

தமிழக முஸ்லிம்கள் குறித்த ஆய்வுகள் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய கடற்கரை ஊர்களையே பெரிதும் மையமாகக் கொண்டவை. அவ்வூர்களில் மொழியும் மத்ஹபும் உறவுமுறையும் பெரும்பாலும் ஒரே வட்டத்துள் அடங்கும். அத்தகைய ஊரில் ஒற்றுமை என்பது பழக்கத்தின் விளைவாகவும் இருக்கலாம். பல ஊரினர் பிழைப்புக்காக வந்து சேர்ந்த எல்லைத் தொழில்நகரில் பழக்கம் மட்டும் போதாது. ஒற்றுமையை எண்ணிச் செய்யவேண்டியுள்ளது. ஆதலின் ஓசூர் – கிருஷ்ணகிரி பகுதி இப்பொருளை ஆராய்வதற்கு ஏற்ற களமாகிறது.

1. எல்லைப்பகுதியும் அதன் முஸ்லிம் சமூகமும்

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. இதன் பழைய வரலாறு மைசூர் ஆட்சியோடு இணைந்தது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சிக்குட்பட்டிருந்த பாராமகால் 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலக் கம்பெனியிடம் சென்றது. ஓசூரை உள்ளடக்கிய பாலகாட் பகுதியோ திப்பு வீழ்ந்த 1799ஆம் ஆண்டிற்குப் பின்னரே கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் வழங்கும் நிலம் இது. இங்குள்ள பழைய முஸ்லிம் குடும்பங்களுள் பல தக்கனி உருதுவை வீட்டுமொழியாகக் கொண்டவை. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுபவை.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததும், அதன் தொடர்ச்சியாக அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய பெருந்தொழிற்சாலைகள் எழுந்ததும் இம்மக்களமைப்பை மாற்றின. தென்மாவட்ட இராவுத்தர்கள், ஷாஃபிஈ மத்ஹபினரான கடற்கரை மரைக்காயர்கள், கேரளத்து மாப்பிள்ளைகள், வடமாநிலத் தொழிலாளர்கள் எனப் பல தரப்பினர் வந்து சேர வழி ஏற்பட்டது. ஓசூர் 2019ஆம் ஆண்டு மாநகராட்சியானது. பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளமையால், ஓசூரில் குடியிருந்து கர்நாடகத்தில் பணிபுரிவோரும், அங்குக் குடியிருந்து இங்குப் பணிபுரிவோரும் நாள்தோறும் அத்திப்பள்ளி எல்லையைக் கடக்கின்றனர்.

தமிழ்நாட்டு அரசு 2007ஆம் ஆண்டு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியபோது அன்சார், தக்கனி முஸ்லிம்கள், துதேகுலா, இராவுத்தர் – மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள், மாப்பிள்ளை, ஷேக், சையத் என ஏழு பிரிவுகளைப் பட்டியலிட்டது. முஸ்லிம் என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனை மொழிகளும் தொழில்களும் மரபுகளும் அடங்குகின்றன என்பதற்கு அப்பட்டியலே சான்றாகும். மாநிலம் முழுவதும் பரந்துள்ள அவ்வேறுபாடுகள் எல்லைத் தொழில்நகரில் ஒரே தெருவுக்குள் சுருங்கிவிடுகின்றன.

2. கருத்து வேறுபாடும் பிளவும்

அரபு வழக்கில் ‘இக்திலாஃப்’ என்பது கருத்து வேறுபாட்டையும், ‘தஃபர்ருக்’ என்பது பிரிந்து சிதறுவதையும் குறிக்கும். திருக்குர்ஆனின் மூன்றாம் அத்தியாயத்து 103ஆம் வசனம் விலக்குவது இரண்டாவதையே. தமிழில் ‘பிரிவு’ என்னும் ஒரு சொல்லே மத்ஹபையும் இயக்கத்தையும் பகைக்குழுவையும் குறிக்கப் பயன்படுவதால் இவ்வேறுபாடு மங்கிவிடுகிறது. ஒருவர் ஷாஃபிஈ பிரிவைச் சேர்ந்தவர் என்று கூறும்போதே அவர் பிரிந்துபோனவர் என்னும் பொருட்சாயல் தோன்றிவிடுகிறது. மத்ஹபு என்பதன் வேர்ப்பொருள் ‘செல்லும் வழி’ என்பதாகும். ‘நெறி’ என்னும் பழந்தமிழ்ச் சொல் அதற்கு மிக அணுக்கமானது.

நேர்மையான கருத்து வேறுபாட்டிற்கு நபிமொழித் தொகுப்புகள் காட்டும் முதன்மைச் சான்று பனூ குறைழா நிகழ்வாகும். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, பனூ குறைழாவினரின் இருப்பிடத்தை அடைந்தன்றி அஸ்ர் தொழவேண்டாம் என நபிகள் நாயகம் தோழர்களைப் பணித்தார்கள். வழியிலேயே நேரம் நெருங்கியது. விரைந்து செல்லவேண்டும் என்பதே கட்டளையின் கருத்து எனக் கொண்ட சிலர் வழியில் தொழுதனர். சொல்லை அப்படியே கொண்ட ஏனையோர் சென்றடைந்த பின்னரே தொழுதனர். செய்தியறிந்த நபிகள் நாயகம் இரு சாராரையும் கடிந்துகொள்ளவில்லை. ஒரே கட்டளையைச் சொல்வழியும் கருத்துவழியும் பொருள்கொண்ட இருவரும் அதற்குக் கட்டுப்பட்டவர்களே என்பது இதனால் புலனாகிறது.

இமாம் மாலிக் (மறைவு 795) தொகுத்த முவத்தாவைப் பேரரசு முழுமைக்கும் ஒரே சட்டநூலாக்க அப்பாசியக் கலீஃபா முன்வந்ததாகவும், நபித்தோழர்கள் பல நாடுகளுக்கும் சென்று தாம் அறிந்தவற்றைக் கற்பித்துள்ளனர் என்பதைச் சுட்டி இமாம் அதற்கு உடன்படவில்லை என்றும் வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. தம் நூலே சட்டமாகும் வாய்ப்பை நூலாசிரியரே மறுத்தமை கருதத்தக்கது. இமாம் ஷாஃபிஈ (767–820) தம்மோடு கடுமையாக வாதிட்ட யூனுஸ் அஸ்ஸதஃபீயைப் பின்னர்ச் சந்தித்தபோது அவர் கையைப் பற்றிக்கொண்டு, ஒரு சிக்கலில் உடன்படாவிடினும் உடன்பிறப்புகளாக இருத்தலாகாதா என வினவிய செய்தியும் இம்மரபில் போற்றப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் தில்லியின் ஷா வலியுல்லாஹ் (1703–1762) கருத்து வேறுபாட்டின் காரணங்களை விளக்கவே ‘அல்இன்ஸாஃப்’ என்னும் தனிநூல் இயற்றினார். வேறுபாடு எழுந்த காரணத்தை அறிந்தவர் வேறுபட்டவரை வெறுப்பதில்லை என்பதே இம்முயற்சியின் உட்கிடை எனலாம்.

3. தொழுகை வரிசை

வேறுபாடு கண்ணுக்கும் செவிக்கும் முதலில் புலப்படும் இடம் தொழுகை வரிசையாகும். தமிழ் முஸ்லிம்கள் இதனை ‘ஸஃப்பு’ என்பர். ஹனஃபிகள் தொடக்கத் தக்பீரில் மட்டும் கைகளை உயர்த்துவர். ஷாஃபிஈகள் ருகூவுக்குக் குனியும்போதும் நிமிரும்போதும் உயர்த்துவர். முன்னவர் ‘ஆமீன்’ என்பதை மெதுவாகவும், பின்னவர் குர்ஆன் உரக்க ஓதப்படும் தொழுகைகளில் ஒலியெழவும் சொல்வர். ஷாஃபிஈ நெறியில் ஃபஜ்ரு தொழுகையில் குனூத் ஓதப்படும். ஹனஃபி நெறியில் அவ்வழக்கம் இல்லை. அஸ்ர் நேரத் தொடக்கத்திலும் வேறுபாடு உண்டு. நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் ஒரு மடங்கானதும் அஸ்ர் தொடங்கும் என்பது ஷாஃபிஈ கருத்து. இருமடங்காகவேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபாவின் (699–767) கருத்து. எனினும் அவருடைய முதன்மை மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் ஒரு மடங்கையே கொண்டனர். ஒரே மத்ஹபுக்குள் ஆசிரியரோடு மாணவர் மாறுபட்டும் மாணவராகவே மதிக்கப்பட்டமை இங்கு நோக்கத்தக்கது.

வேறு நெறியைச் சார்ந்த இமாமின் பின்னால் தொழுவது குறித்துச் சட்டநூல்கள் விரிவாகப் பேசுகின்றன. குனூத் ஓதும் இமாமின் பின்னால் ஹனஃபி ஒருவர் நின்றால் என் செய்வது என்னும் வினாவுக்கு, அமைதியாக நிற்கவேண்டும் என அபூஹனீஃபாவும் முஹம்மதும், இமாமைப் பின்பற்றவேண்டும் என அபூயூசுஃபும் விடை கூறினர். விடைகள் வேறுபடினும் வரிசையை விட்டு விலகவேண்டும் என்று ஒருவரும் கூறவில்லை. அபூயூசுஃப் பற்றிய மற்றொரு செய்தியும் உண்டு. கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் உடலிலிருந்து குருதி எடுத்துக்கொண்ட பின்னர், மாலிக்கின் தீர்ப்பின்படி மீண்டும் உளூச் செய்யாமலே தொழுவித்தார். குருதி வழிந்தால் உளூ முறியும் என்பது அபூயூசுஃபின் சொந்த நெறியாயினும், அவர் அத்தொழுகையில் கலந்துகொண்டதோடு பின்னர் அதனை மீட்டுத் தொழவுமில்லை என அச்செய்தி கூறுகிறது.

எல்லைத் தொழில்நகரில் இவை ஏட்டுச் செய்திகளாக நின்றுவிடுவதில்லை. ஜும்ஆ தொழுகை நிறைவேற ஹனஃபி நெறியில் இமாம் நீங்கலாக மூவர் போதும். ஷாஃபிஈ நெறியிலோ அவ்வூரிலேயே நிலையாகக் குடியமர்ந்த ஆடவர் நாற்பதின்மர் தேவை. பணிக்காக வந்து விடுதியில் தங்கி, ஊர் திரும்பும் எண்ணத்தோடு வாழ்பவர் அக்கணக்கில் சேரார். ஆகவே ஓசூருக்கு வந்த ஷாஃபிஈ தொழிலாளர், தம் நெறியின் விதிப்படியே, உள்ளூர் மக்களின் பள்ளிவாசலைச் சார்ந்திருக்க வேண்டியவராகிறார். மறுபுறம், உள்ளூர் ஜமாஅத்தும் தன் வரிசையில் உரத்த ஆமீனையும் உயர்த்திய கைகளையும் ஏற்க வேண்டியதாகிறது. இருதரப்பின் தேவையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

இவ்வேற்பு எளிதில் வாய்த்ததன்று என்பதை வடஇந்திய வழக்குகள் காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆமீனை உரக்கச் சொன்னதற்காகவே பள்ளிவாசல்களில் பூசல் மூண்டு நீதிமன்றம்வரை சென்றது. 1885ஆம் ஆண்டு அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சையத் மஹ்மூத், அரபுச் சட்டநூல்களை ஆராய்ந்து, தீய நோக்கமின்றி ஆமீனை உரக்கச் சொல்வது குற்றமாகாது எனத் தம் தனித்தீர்ப்பில் விளக்கினார். பள்ளிவாசல் ஒரு சாராருக்கு மட்டும் உரியதன்று, தொழவரும் எல்லா முஸ்லிம்களுக்கும் உரியது என்னும் கருத்து 1889ஆம் ஆண்டு அதே நீதிமன்றத்தின் தீர்ப்பில் வலுப்பெற்றது. கற்றோர் ஓரவையில் தீர்த்திருக்கக்கூடிய ஒன்று காலனிய நீதிமன்றத்தின் வாயிலுக்குச் சென்றமை, முறையற்ற வாதத்தின் விலையைக் காட்டுகிறது.

தமிழகத்தில் இவ்வேறுபாட்டைத் தணித்த காரணிகளுள் கல்விக்கூடங்கள் முதன்மையானவை. வேலூரில் ஷா அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக்கல்லூரி ஹனஃபிகள் மிகுந்த வட்டாரத்தில் அமைந்தது. எனினும் கேரளத்து ஷாஃபிஈ மாணவர் பலர் அங்குப் பயின்று ‘பாக்கவி’ பட்டம் பெற்றுத் தம் நாட்டில் முன்னணி அறிஞராயினர். ஒரே ஆசிரியரிடம் அருகருகே அமர்ந்து கற்றோர், பிற நெறியினரைப் பற்றிச் செவிவழிச் செய்தியால் முடிவுசெய்ய வேண்டிய நிலையில் இல்லை.

4. உரையின் மொழி

மத்ஹபு வேறுபாட்டைவிட மொழி வேறுபாடு இப்பகுதியில் நுட்பமானது. தமிழ் முஸ்லிம்கள் தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பெருநாள், பிறை என்னும் சொற்களை வழங்குவர். தக்கனி வழக்கில் இவையே நமாஸ், ரோஜா, மஸ்ஜித், ஈத், சாந்த் என அமையும். தமிழர் ‘ஆலிம்சா’ என அழைப்பவரை உருது பேசுவோர் ‘ஹஜ்ரத்’ என்பர். பொருள் ஒன்றாயினும், எச்சொல் ஒலிபெருக்கியில் ஒலிக்கிறது என்பதைக்கொண்டே பள்ளிவாசல் யாருடையது என்னும் உணர்வு உருவாகிறது.

வெள்ளிக்கிழமை குத்பாவின் மொழி குறித்துச் சட்டநூல்களில் மாறுபட்ட கருத்துகள் உள்ளன. அபூஹனீஃபா பிறமொழியை அனுமதித்தார். ஷாஃபிஈ நெறி குத்பாவின் இன்றியமையாக் கூறுகள் அரபியிலேயே அமையவேண்டும் என்கிறது. தென்னிந்தியப் பள்ளிவாசல்கள் பல இதற்கு நடைமுறைத் தீர்வொன்றைக் கண்டன. அரபுக் குத்பாவுக்கு முன்னர், மக்கள் மொழியில் ‘பயான்’ நிகழ்த்தப்படுகிறது. அரபியை வலியுறுத்துவோரும் பொருள் விளங்கவேண்டும் என்போரும் ஒரே நண்பகலில் நிறைவுறுகின்றனர்.

எல்லைப்பகுதியில் எழும் வினா, மக்கள் மொழி எது என்பதேயாகும். உருதுவில் மட்டும் பயான் நிகழ்ந்தால் தென்மாவட்டத் தொழிலாளி கேட்டும் கேளாதவராவார். தமிழில் மட்டும் நிகழ்ந்தால் தலைமுறைகளாகப் பள்ளிவாசலைப் பேணிய குடும்பத்து முதியவர் அந்நியராவார். இது சமயச் சிக்கலன்று. எனினும் சமயச் சிக்கலாக உருமாறும் ஆற்றலுடையது. தம் மொழிக்கு இடமில்லாதவர் வேறிடம் தேடுவர். வேறிடம் தேடியபின் அதற்குக் கொள்கைக் காரணமும் கண்டடைவர். பயான் நேரத்தைப் பகுத்து இருமொழிக்கும் வழங்குதல், கிழமைதோறும் மொழியை மாற்றுதல் ஆகியவை சிறிய ஏற்பாடுகளாயினும், பிற்காலப் பிளவொன்றை முன்கூட்டியே தடுக்கவல்லவை.

தமிழில் சமயக் கருத்தைச் சொல்வதே ஒருகாலத்தில் வாதப்பொருளாக இருந்தது. 1920களில் பா. தாவூத்ஷா தம் ‘தாருல் இஸ்லாம்’ இதழ்வழிச் சீர்திருத்தக் கருத்துகளைத் தமிழில் முன்வைத்தபோது கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். அதே தலைமுறையில் வேலூர் மரபில் உருவான ஆ.கா. அப்துல் ஹமீது பாக்கவி திருக்குர்ஆன் முழுவதையும் தமிழில் பெயர்த்தார். ஒருவர் உலமாக்களின் வட்டத்துக்கு வெளியே நின்றும், மற்றவர் அதனுள்ளே இருந்தும் தமிழைச் சமய அறிவின் மொழியாக்கினர். அன்றைய வாதத்தின் சூடு இன்று இல்லை. அதன் பயன் அனைவர்க்கும் உரியதாக நிற்கிறது.

5. பிறை

பிறை பற்றிய வேறுபாடு எல்லைப்பகுதியில் தனித்தன்மை பெறுகிறது. தமிழ்நாட்டில் பிறை அறிவிப்பைப் பெரும்பான்மையோர் அரசின் தலைமைக் காஜியிடமிருந்து எதிர்நோக்குகின்றனர். கர்நாடகத்தில் அறிவிப்பு பெங்களூரிலுள்ள பிறைக்குழுவிடமிருந்து வருகிறது. கேரளத்தில் அங்குள்ள காஜிகள் அறிவிக்கின்றனர். வானியல் கணக்கீட்டை ஏற்போரும், உலகின் எப்பகுதியில் காணப்படினும் போதும் என்போரும் உளர். ஆகவே ஓசூரில் ஒரே விடுதியில் தங்கியிருப்போர் வெவ்வேறு நாட்களில் பெருநாள் கொண்டாட வாய்ப்புண்டு.

இதற்குரிய முன்னுதாரணமும் ஓர் எல்லைப் பயணியின் கதையே. சிரியாவிலிருந்து மதீனாவுக்குத் திரும்பிய குறைப் என்பார், அங்கு வெள்ளி இரவே பிறை காணப்பட்டது என்றார். மதீனாவில் சனி இரவே கண்டதாகக் கூறிய இப்னு அப்பாஸ், சிரியாவின் காட்சியை ஏற்காமல், தம் ஊரின் கணக்கையே பின்பற்றினார். இதனடிப்படையில் ஷாஃபிஈ நெறி தொலைவிலுள்ள ஊர்களுக்குத் தனித்தனிப் பிறைத்தளங்களைக் கொள்கிறது. ஹனஃபி நெறியின் மூலக்கருத்தோ, ஓரிடத்துக் காட்சி உறுதியானால் பிற இடத்தவரையும் கட்டுப்படுத்தும் என்கிறது.

ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் வானம் ஒன்றே. இரண்டிற்குமிடையே உள்ள கோடு மாநில நிருவாகத்தோடு தொடர்புடையதேயன்றி நிலவின் தோற்றத்தோடு தொடர்புடையதன்று. ஆகவே இரு மத்ஹபுகளில் எதைக் கொண்டாலும், இவ்விரு ஊர்களும் வானத்தைக் காரணமாகக் காட்டி இருவேறு நாளைக் கொள்ள இயலாது. அறிவிப்புகள் மாறுபடும் ஆண்டுகளில் எழும் வேறுபாடு, எவருடைய அறிவிப்பை ஏற்பது என்பதைப் பற்றியது. அதாவது இது சட்டக்கருத்துச் சிக்கலாகத் தோன்றினும், உண்மையில் தலைமை பற்றிய சிக்கலாகும். இதனைப் பிரித்தறியாதபோது, நிருவாகத்தால் எழுந்த வேறுபாட்டுக்கு மார்க்கத் தவறு என்னும் பெயர் சூட்டப்படுகிறது.

தலைமையின் இயல்பையும் இங்குக் கருதவேண்டும். 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் காஜியை நியமிக்க அரசுக்கு வழிசெய்கிறது. ஆயினும் அவருக்கு நீதி அதிகாரத்தையோ நிருவாக அதிகாரத்தையோ அது வழங்கவில்லை. எனவே காஜியின் அறிவிப்பு கட்டாயத்தால் அன்றி, மக்களின் ஏற்பால் மட்டுமே நடைமுறையாகிறது. நோன்பும் பெருநாளும் மக்கள் சேர்ந்து கடைப்பிடிக்கும் நாட்களே என்னும் கருத்துடைய நபிமொழியை அறிஞர்கள் இவ்விடத்தில் சுட்டுவர். தனிமனிதர் தாம் சரியெனக் கருதும் கணக்கைக் கருத்தளவில் வைத்துக்கொண்டு, பொதுநாளில் ஊரோடு ஒத்திருத்தல் அவருடைய அறிவுக்கு இழுக்கன்று. ஊரோடு ஒத்துப்போக மனம் ஒப்பாதவரை, நோன்பில் பெருநாள் கொண்டாடியவர் என இகழாதிருத்தல் ஊரின் கடமையாகும்.

6. மையவாடியும் பதிவேடும்

தொழுகையும் பிறையும் ஆண்டு முழுவதும் பேசப்படுகின்றன. மையவாடி பற்றிய வினா இறப்பு நேரும் நாளில் மட்டுமே எழுகிறது. அன்று வாதிட நேரமில்லை. தமிழக முஸ்லிம் வாழ்வில் ஜமாஅத் என்பது பள்ளிவாசலை மட்டும் குறிப்பதன்று. திருமணப் பதிவேடாகிய தஃப்தர், சந்தா, வெளியூர்த் திருமணத்துக்கான ஜமாஅத் கடிதம், மையவாடி ஆகியன அதனைச் சார்ந்தவை. பிறந்த ஊரில் இவை தாமே கிடைக்கின்றன. புலம்பெயர்ந்த ஊரில் இவற்றுக்கு உறுப்பினர் தகுதி தேவைப்படுகிறது. சந்தாப் பட்டியலில் பெயரில்லாத வாடகைக் குடியிருப்பாளர் எந்த ஜமாஅத்தைச் சார்ந்தவர் என்னும் வினா, ஒரு திருமணத்திலோ ஒரு மரணத்திலோதான் முகங்காட்டும்.

கருத்து மாறுபட்டோரை ஊர்விலக்கம் செய்தலும், அவர் திருமணத்தைப் பதிய மறுத்தலும், அடக்கத்துக்கு இடமளிக்க மறுத்தலும் தமிழகத்தின் பல பகுதிகளில் பூசலுக்குக் காரணமாயின. இவற்றில் தண்டிக்கப்படுவது கருத்தன்று. கருத்துடையவரின் குடும்பமே தண்டிக்கப்படுகிறது. வக்ஃபு என்பது அளித்தவரின் உடைமையும் அன்று, ஆள்பவரின் உடைமையும் அன்று. அறநோக்கிற்காக இறைவனுக்கென ஒதுக்கப்பட்டது என்பதே அதன் அடிப்படை. அவ்வாறாயின் முத்தவல்லியின் பணி காத்தலேயன்றித் தகுதி பார்த்து வழங்கல் அன்று.

இதற்கு மாறான காட்சியையும் தமிழகம் கண்டது. 2020–2021ஆம் ஆண்டுகளின் கொரோனாப் பெருந்தொற்றின்போது, தம்முள் கடுமையாக மாறுபட்டிருந்த பல்வேறு முஸ்லிம் அமைப்புகளின் தொண்டர்கள், உறவினரும் நெருங்க அஞ்சிய உடல்களைச் சமயம் பாராது அவரவர் முறைப்படி அடக்கம் செய்தனர். இறந்தவரின் சமயத்தையே பொருட்படுத்தாத அத்தொண்டு, இறந்தவரின் மத்ஹபையோ இயக்கத்தையோ வினவும் வழக்கத்தை நாணச் செய்வதாகும்.

7. கொள்கை வேறுபாடு எனும் கடினமான களம்

மேற்கூறிய மரபு கிளைச்சட்டங்களில் எழும் வேறுபாட்டுக்கே முழுமையாகப் பொருந்தும். 1980களுக்குப் பின் தமிழகத்தில் வளர்ந்த தவ்ஹீத் இயக்கங்கள் எழுப்பிய வினாக்கள் வேறு வகையின. தராவீஹ் எட்டு ரக்அத்தா இருபதா என்பது கிளைச்சட்டம். தர்கா வழக்கங்கள் இறையொருமைக்கு மாறானவையா என்பதை இரு தரப்பினரும் அடிப்படைக் கொள்கையாகவே கருதுகின்றனர். சில இமாம்களின் பின்னால் தொழலாகாது என்னும் நிலைப்பாடும் அதிலிருந்து பிறக்கிறது. இங்கு இரு கருத்தும் சரியே எனக் கூறுமாறு இருவரையும் வேண்டுவது பயனற்றது. அஃது அவர்தம் மனச்சான்றை மதியாததுமாகும்.

அம்மானில் 2004–2005ஆம் ஆண்டுகளில் உருவான அறிவிப்பு இத்தகைய நிலைக்கு ஒரு வழிகாட்டியது. பல நாடுகளின் அறிஞர்கள் எட்டு மத்ஹபுகளை ஏற்று, அவற்றைப் பின்பற்றுவோரை இறைமறுப்பாளர் என அறிவிப்பதை விலக்கினர். கருத்தை மறுக்கலாம், ஆளைச் சமூகத்திலிருந்து வெளியேற்றலாகாது என்பதே அதன் சாரம். எதிர்விளைவை இலங்கையின் பேருவளை 2009ஆம் ஆண்டு காட்டியது. அங்கே தரீக்காவினருக்கும் தவ்ஹீத் சார்பினருக்கும் இடையே மூண்ட மோதலில் பள்ளிவாசல் தாக்கப்பட்டு உயிரிழப்பும் நேர்ந்தது. ஒரே மொழியும் ஒரே ஊரும் உடையவர்களையும் அது காக்கவில்லை.

கொள்கையில் உடன்பட இயலாதபோதும் உடன்படக்கூடிய களங்கள் எஞ்சியுள்ளன. ஒரே ஸஃப்பில் நிற்க மனம் ஒப்பாதவர்களும் அடக்கத்துக்கு உடன் செல்லலாம், திருமணக் கடிதத்தை மறுக்காதிருக்கலாம், வேலையிழந்தவருக்கு உதவலாம். சொல்லாட்சியும் இதில் முதன்மையானது. திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் நம்பிக்கையாளரை உடன்பிறப்புகள் எனக் கூறியவுடன், அடுத்த வசனத்தில் கேலியையும் பட்டப்பெயர் சூட்டலையும் விலக்குகிறது. ‘வஹ்ஹாபி’, ‘கப்ரு வணங்கி’ என்பன போன்ற பெயர்கள் எதிர்த்தரப்பினர் தமக்கு இட்டுக்கொண்டவை அல்ல. ஒருவரை அவர் ஏற்காத பெயரால் அழைத்தபின் அவரோடு நிகழ்த்தும் உரையாடல் உரையாடலாகாது. அவர் கருத்தை அவரே ஒப்புமாறு எடுத்துரைத்தபின் மறுப்பதே கற்றோர் மரபு.

முடிவுரை

ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப்பகுதி, முஸ்லிம் ஒற்றுமை என்பதை ஒருமைப்பட்ட கருத்தாகக் கொள்ள இயலாது என்பதைத் தெளிவாக்குகிறது. நான்கு மொழிகளும் இரு மத்ஹபுகளும் பல இயக்கங்களும் கூடும் இடத்தில் அத்தகைய ஒருமை வாய்ப்பதற்கில்லை. மரபும் அதனை வேண்டவில்லை. மரபு வேண்டுவது, எவை தனிமனிதரின் ஆய்வுக்கும் மனச்சான்றுக்கும் உரியவை, எவை ஊர் கூடி முடிவுசெய்ய வேண்டியவை என்னும் பகுத்தறிவேயாகும். கைகளை உயர்த்துவதும் ஆமீன் சொல்லும் ஒலியளவும் முதல்வகை. பெருநாள் நாளும் பயானின் மொழியும் இரண்டாம் வகை. மையவாடியும் திருமணப் பதிவேடும் எவ்வாதத்துக்கும் பிணையாக வைக்கப்படக்கூடாதவை.

முதல்வகையில் ஊர் தலையிடும்போதும், இரண்டாம் வகையில் தனிமனிதர் ஊரைப் புறக்கணிக்கும்போதும், மூன்றாவதைத் தண்டனைக் கருவியாக்கும்போதும் இக்திலாஃப் தஃபர்ருக் ஆகிறது. தொழில் தேடி வந்தவருக்கு அவ்வூரில் உறவினர் இல்லை. அவர் நிற்கும் ஸஃப்பே உறவு. அதில் தமக்கு அருகில் நிற்பவர் கைகளை வேறுவகையாகக் கட்டியிருப்பினும் தோளோடு தோள் சேர இடமளிக்கப்படுகிறதா என்பதே இச்சமூகத்தின் ஒற்றுமையை அளக்கும் கோலாகும்.